லே முதல் யார்கண்ட் வரை: ஒரு குதிரைக் கணக்கு

தில்லி, நொய்டா, குர்காவ் பக்கம் குடியிருக்கிற நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒரு கோடை லீவுக்கு ஊர், அடுத்த கோடைக்கு மலை. சிம்லா, மணாலி எல்லாம் முடிந்துவிட்டால் லடாக். லடாக் போனால் நுப்ரா பள்ளத்தாக்கு. நுப்ரா போனால் ஹுண்டர் மணல்மேடு. அங்கே ஒட்டகத்தின் இரண்டு திமிலுக்கு நடுவே குழந்தையை உட்கார வைத்து ஒரு போட்டோ. எங்கள் வீட்டு ஆல்பத்திலும் அது இருக்கிறது :-)

இறங்கும்போது பையன் கேட்டான். "ஏம்ப்பா, ராஜஸ்தான்ல பார்த்த ஒட்டகத்துக்கு ஒரு திமில்தானே? இதுக்கு மட்டும் எப்படி ரெண்டு? இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"மலைக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து" என்று சொல்லி வைத்தேன். சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பக்கம் என்றால் எவ்வளவு தூரம், எப்படி வந்தார்கள், யார் கூட்டி வந்தார்கள் என்று அடுத்த கேள்வி வந்திருந்தால் மாட்டியிருப்பேன். திரும்பி வந்தபிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன். பனிமலையில் குதிரைப் பயணம் என்றால் நாம் சேணம், ஜாக்கெட், கூடாரம், வரைபடம் என்று யோசிப்போம். அந்தக் காலத்தில் அதையே தொழிலாகச் செய்தவர்கள் யோசித்தது வேறு ஒன்றை. குதிரை எங்கே என்ன சாப்பிடும்? மற்ற திட்டமெல்லாம் அதற்கப்புறம்தான்.

பாதை

லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே, இன்று சீனாவின் சின்ஜியாங்கில் இருக்கும் யார்கண்ட் நகரத்துக்கு ஒரு வியாபாரப் பாதை இருந்தது. 700 முதல் 800 கிலோமீட்டர். நடக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இங்கிருந்து துணி, அவுரி, மசாலாச் சாமான், பிற்காலத்தில் தேயிலை. அங்கிருந்து பட்டு, கம்பளம், ஜமுக்காளம், பஷ்மினா நெய்ய ஆட்டு ரோமம், அப்புறம் சரஸ் எனப்படும் கஞ்சாப் பிசின் (அந்தக் காலத்தில் வரி கட்டிக் கொண்டு வந்த சட்டபூர்வமான சரக்குதான்!).

வழியில் ஐந்து பெரிய கணவாய்கள். கர்துங், சசேர், காரகோரம், சுகெத், சஞ்சு. எதுவும் 5,000 மீட்டருக்குப் பெரிதாகக் குறையாது. காரகோரம் கணவாய் 5,540 மீட்டர். நம் தொட்டபெட்டாவை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் அந்த உயரம் வராது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான். மனிதனுக்கும் அப்படித்தான், குதிரைக்கும் அப்படித்தான்.

உயரமும் குளிரும் பார்த்தாலே தெரியும் ஆபத்துகள். பெரிய ஆபத்து வேறு. நுப்ராவின் கடைசி ஊர்களைத் தாண்டினால் மலைக்கு அந்தப் பக்கம் காரகாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கை எட்டும் வரை கிட்டத்தட்ட பத்து நாள் நடைக்கு ஊரும் கிடையாது, நம்பும்படியான புல்லும் கிடையாது. நடுவில் வரும் டெப்சாங் சமவெளியில் காற்று மட்டும்தான். அதனால்தான் அந்தப் பாதையில் தங்குமிடப் பெயர்களே ஒரு கையேடு மாதிரி இருக்கும். 'புர்ட்சே' என்பது லடாக்கிகள் அடுப்பெரிக்கிற ஒரு குத்துச்செடி. அந்தப் பெயரில் ஓர் இடம் இருக்கிறது என்றால் அங்கே விறகு கிடைக்கும் என்று அர்த்தம். 'தௌலத் பேக் ஓல்டி' என்றால் துருக்கிய மொழியில் தௌலத் பேக் செத்துப்போன இடம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இது புத்தகத்தில் இருப்பதல்ல, உருண்டையான எண்களை வைத்து நானே போட்டது.

மலைப் பாதையில் ஒரு மட்டக்குதிரை சுமக்கக்கூடிய பொதி சுமார் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் குதிரைக்குக் கொள்ளு, அங்கே பார்லி. புல்லே இல்லாத இடத்தில் ஒரு நாளைக்கு 3 கிலோ பார்லியாவது போட வேண்டும் (உண்மையில் வேலை செய்கிற குதிரைக்கு இது அரை வயிறுதான்). பத்து நாளைக்கு 30 கிலோ. ஆக, ஒவ்வொரு குதிரையும் தன் சாப்பாட்டையே 30 கிலோ சுமக்கிறது. சரக்குக்கு மிச்சம் 40 கிலோ.

உங்களிடம் பத்துக் குதிரைச் சரக்கு, அதாவது 700 கிலோ இருக்கிறது. எத்தனை குதிரை வேண்டும்? 700ஐ 40ஆல் வகுத்தால் பதினேழரை. பதினெட்டுக் குதிரை! பத்துக் குதிரைச் சரக்குக்குப் பதினெட்டுக் குதிரை.

இனி, சசேர் கணவாயில் பனிப்புயல் அடித்து ஐந்து நாள் முடங்கிப் போகலாம் என்று பயந்து அதற்கும் தானியம் எடுக்கிறீர்கள். பதினைந்து நாளைக்கு ஒரு குதிரைக்கு 45 கிலோ. சரக்குக்கு மிச்சம் 25 கிலோதான். 700ஐ 25ஆல் வகுத்தால் இருபத்தெட்டுக் குதிரை. ஐந்தே ஐந்து நாள் பயத்துக்குப் பத்துக் குதிரை கூடுதல். அதற்கு வாடகை, அதைப் பிடித்துப் போக ஆட்கள், அந்த ஆட்களுக்குச் சாப்பாடு, அந்தச் சாப்பாட்டைச் சுமக்க இன்னும் குதிரை...

வியாபாரி என்ன செய்வான்? லாபம் பார்க்க வேண்டும். பதினெட்டோடு கிளம்பிவிடுவான். பனி விழாமல் இருந்தால் தப்பித்தான். விழுந்தால் முதலில் போவது குதிரை. அந்தப் பாதையில் போன எல்லாப் பயணிகளும் தவறாமல் எழுதியிருக்கிற விஷயம் ஒன்று உண்டு. வழி நெடுகக் குதிரை எலும்புகள். எலும்பைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தப்பாது என்கிற அளவுக்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபிறகுதான் அந்த எலும்பெல்லாம் ஏன் அங்கே கிடந்தது என்று எனக்குப் புரிந்தது.

எப்படித்தான் சமாளித்தார்கள்?

இந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக மனதிலேயே போட்டவர்களுக்குக் 'கிராயாகஷ்' என்று பெயர். கிராயா என்றால் வாடகை. லே, நுப்ரா, கார்கில் பக்கத்து விவசாயிகள். வயல் வேலை போக மிச்ச நேரத்தில் சொந்தக் குதிரையை வாடகைக்கு ஓட்டியவர்கள். சரக்கு பெரும்பாலும் பஞ்சாபின் ஹோஷியார்பூர் வியாபாரிகளுடையது. வருஷா வருஷம் வீட்டை விட்டுவிட்டு லேயில் வந்து கடை போட்டவர்கள். (வெளியூரில் பிழைப்பது நாம் கண்டுபிடித்த விஷயம் ஒன்றும் இல்லை, பாருங்கள்.) யார்கண்டிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்து லடாக்கிப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்ட வியாபாரிகளின் பிள்ளைகளுக்கு 'அர்கோன்' என்று பெயர். இரண்டு மூன்று மொழி சரளமாகப் பேசும் அவர்கள் இந்தப் பாதையில் முக்கியமான புள்ளிகள்.

இவர்களுடைய உத்திகள் சிலவற்றைப் பார்க்கலாம்.

முதலாவது, காலம். கோடையில் ஷியோக் ஆறு பனி உருகிப் பெருக்கெடுக்கும், கரையோரமாகப் போக முடியாது. அதனால் நுப்ரா வழியாக ஏறி சசேர் கணவாயைக் கடப்பார்கள். குளிர்காலத்தில் ஆறு வற்றி, ஓரமெல்லாம் உறைந்துவிடும். அப்போது ஆற்றுப் படுகையே பாதை. சசேர் ஏற வேண்டாம், ஆனால் ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். ஒரே ஊருக்கு இரண்டு பாதை, ஒன்று கோடைக்கு, ஒன்று குளிருக்கு.

இரண்டாவது, நேரம். பனியாற்றிலிருந்து வரும் ஓடைகள் விடியற்காலையில் ஒடுங்கி இருக்கும், வெயில் ஏற ஏறப் பெருகும், சாயங்காலம் வெள்ளம். ஆற்றைக் கடக்க வேண்டிய நாளில் காலையிலேயே கடந்துவிட வேண்டும். முதல் நாள் எங்கே தங்குவது என்பதை அடுத்த நாள் ஆறு முடிவு செய்யும்.

மூன்றாவது, யாக். கர்துங், சசேர் இரண்டிலும் பனிக்கட்டி மேல் நடக்க வேண்டும். அங்கே பொதியைக் குதிரையிலிருந்து இறக்கி யாக்கின் மேல் ஏற்றிவிடுவார்கள். குதிரை வெறும் முதுகோடு ஏறும். யாக் முன்னால் போய்ப் புதுப்பனியை மிதித்து வழியும் போட்டுக் கொடுக்கும். (குறளில் வருகிற கவரிமா இந்த யாக்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு.)

நான்காவது, ஓய்வு. நுப்ராவில் பனாமிக் என்ற ஊர், இப்போது வெந்நீர் ஊற்றுக்காக டூரிஸ்ட்கள் போகிற இடம். அந்தக் காலத்தில் குதிரைகளை நிறுத்தி, குதிரைமசால் போட்டுத் தேற்றுகிற இடம். நம் ஊரில் மாட்டுக்குப் போடுகிறோமே, அதே குதிரைமசால்தான். கல் தேய்த்த லாடத்தை மாற்றுவதும் இங்கேதான். இங்கே அவசரப்பட்டுக் கிளம்பினால் டெப்சாங்கில் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, நம்பிக்கை. குதிரை செத்துவிட்டால் அதன் பொதியை வழியிலேயே ஒரு பக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்ற குதிரைகளுக்கு ஏற்றினால் அவையும் சாகும் அல்லவா? அந்தப் பொதியை யாரும் தொட மாட்டார்கள். திரும்பி வரும்போதோ, அடுத்த வருஷமோ உடையவன் வந்து எடுத்துக்கொள்வான். இதை நல்ல குணம் என்று மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று தெரிந்த இடத்தில் திருட்டு இருந்தால் பாதையே இருக்காது.

பெரிய மனிதர்களின் பயணம்

இந்தப் பாதையில் ஆங்கிலேயருக்கு வெகுநாள் ஆசை. 1808ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீகார் குதிரைப் பண்ணைக்கு வந்தவர் வில்லியம் மூர்கிராஃப்ட், முறையாகப் படித்த கால்நடை மருத்துவர். பண்ணைக்கு நல்ல குதிரை வேண்டும் என்று மத்திய ஆசியாவுக்குக் கிளம்பினார். 1820ல் லேக்குப் போய்ச் சேர்ந்தார். யார்கண்ட் போக அனுமதி கேட்டு இரண்டு வருஷம் லேயிலேயே காத்திருந்தார். அனுமதி கிடைக்கவில்லை. வேறு வழியாக 1825ல் புகாராவுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஆப்கானிஸ்தானில் இறந்துபோனார். குதிரையைப் பற்றி அவ்வளவு தெரிந்த மனிதர் இந்தக் குதிரைப் பாதையில் யார்கண்ட் வரை போகவே முடியவில்லை.

1860களில் யாகூப் பேக் காஷ்கர், யார்கண்ட் பகுதியைப் பிடித்தபிறகு கதவு திறந்தது. 1870ல் காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங்கோடு ஆங்கிலேய அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது. பாதையைப் பார்த்துக்கொள்ள இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவராக லேயில் இரண்டு இணை ஆணையர்கள். வழியில் சத்திரங்கள், தானியக் கிடங்குகள். கவனியுங்கள், ராஜாங்க ஒப்பந்தமே கடைசியில் வந்து நிற்பது குதிரைத் தீனியில்தான்!

1873ல் டக்ளஸ் ஃபோர்சைத் தலைமையில் ஒரு பெரிய தூதுக்குழு கிளம்பியது. அதிகாரிகள், சர்வேயர்கள், மருத்துவர், நூற்றுக்கணக்கில் ஆட்களும் பொதி விலங்குகளும். பணத்துக்குக் குறைவில்லை. அந்தக் குழுவில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா என்று ஒருவர். இன்றைய செக் நாட்டில் இருக்கும் மொராவியாக்காரர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. இவரைத் தமிழர்கள் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. நம் அரியலூர், திருச்சிப் பக்கத்தில் கடல் இருந்த காலத்து நத்தை, சிப்பி, அம்மோனைட் புதைபடிவங்களை விவரித்துத் தொகுதி தொகுதியாக எழுதியவர் இவர்தான். இன்றைக்கும் அந்தப் பக்கத்துப் புதைபடிவங்களைப் படிக்கிறவர்கள் அவர் எழுதியதைப் புரட்டாமல் இருக்க முடியாது.

திரும்பும் வழியில் 1874 ஜூனில் காரகோரம் கணவாயையும் டெப்சாங்கையும் தாண்டும்போது அவருக்குத் தலைவலி, மூச்சுத் திணறல். ஜூன் 19 அன்று முர்கோ என்ற இடத்தில் உயிர் போனது. வயது 36. லேயில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மலைவியாதிக்கு விஷக்காற்று, விஷச்செடி என்றெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆக்சிஜன் குறைவுதான் காரணம் என்று பிரான்சின் பால் பெர் தன் பெரிய புத்தகத்தில் சோதனைகளோடு நிறுவியது 1878ல். நாலு வருஷம் தாமதம். எத்தனை குதிரை, எத்தனை மூட்டை என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு நுரையீரலின் கணக்கு அப்போது தெரியாது. இன்று நமக்குத் தெரியும். லேயில் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா இருங்கள் என்று ஓட்டல்காரர் சொல்வதை இனிமேலாவது கேளுங்கள். முதல் நாளே கர்துங் லா போகிறேன் என்று வீரம் வேண்டாம்.

குதிரைக்காரர் ஒருவர்

ஸ்டோலிக்ஸ்காவின் பெயர் தெரிந்துவிட்டது. அந்தக் குழுக்களின் குதிரைகளை ஓட்டியவர்கள் பெயர்? பெரும்பாலும் தெரியாது. அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் கிராமங்கள் ஆளும் குதிரையும் கொடுத்தாக வேண்டும் என்ற பேகார் முறை இருந்தது. கூலி குறைவு, மறுக்க முடியாது. குதிரை செத்தால் அந்தக் குடும்பத்தின் அடுத்த வருஷப் பிழைப்பும் போச்சு.

ஒரே ஒருவர் மட்டும் தன் கதையைத் தானே எழுதி வைத்தார். குலாம் ரசூல் கல்வான். லேயில் ஓர் ஏழை வீட்டில் 1878 வாக்கில் பிறந்தவர். சின்னப் பையனாக 1890ல் யங்ஹஸ்பண்டின் குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் வருஷக்கணக்கில் பல வெள்ளைக்காரப் பயணிகளோடு மலை மலையாக அலைந்தார். குதிரை ஓட்டியாக ஆரம்பித்து, குழு முழுவதையும் நடத்தும் தலைவராக உயர்ந்தார். கடைசியில் லேயில் இணை ஆணையரின் கீழ் 'அக்சகால்' ஆனார். அக்சகால் என்றால் வெள்ளைத் தாடி, அதாவது பெரியவர், வியாபாரிகளின் விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் பதவி. தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் தன் வாழ்க்கையை எழுதினார். 1923ல் கேம்பிரிட்ஜில் அது புத்தகமாக வந்தது. தலைப்பு 'சர்வென்ட் ஆஃப் சாஹிப்ஸ்'. முன்னுரை எழுதியவர் அதே யங்ஹஸ்பண்ட். 1925ல் கல்வான் காலமானார்.

ஒருமுறை வெளியேற வழி தெரியாமல் ஒரு பயணக்குழு மலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதாம். ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக அவர்களைக் கூட்டிப் போனார் கல்வான். அதனால் அந்த ஆற்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள் என்று லடாக்கில் சொல்கிறார்கள். 2020 ஜூன் 15 இரவு நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தது அந்தக் கல்வான் பள்ளத்தாக்கில்தான். டிவியில் நாள் முழுக்க அந்தப் பெயரைக் கேட்டோம். அது ஒரு குதிரைக்காரரின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எனக்கு அன்று தெரியாது.

மீதி

1949ல் சின்ஜியாங் சீனக் கம்யூனிஸ்ட் அரசின் கைக்குப் போனது. அதை ஒட்டி வியாபாரம் நின்றது. ஹோஷியார்பூர் வியாபாரிகள் ஊர் திரும்பினார்கள். மலைக்கு இந்தப் பக்கம் நின்றுபோன ஒட்டகங்கள் நுப்ராவிலேயே தங்கிவிட்டன. அவற்றின் வாரிசுகள் மேல்தான் நம் பிள்ளைகள் சவாரி போகிறார்கள். பழைய குளிர்காலப் பாதையை ஒட்டி இப்போது தர்புக்கிலிருந்து தௌலத் பேக் ஓல்டி வரை 255 கிலோமீட்டர் தார் ரோடு இருக்கிறது, ராணுவத்துக்காகப் போட்டது. முர்கோவும் புர்ட்சேயும் அந்த ரோட்டில் இன்னும் அதே பெயரில் இருக்கின்றன.

லடாக்கில் மார்க்கா மாதிரிப் பள்ளத்தாக்குகளில் இன்றும் குதிரையோடு மலை நடை போகலாம். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தவர்கள் என்றால் போய் வாருங்கள், நல்ல அனுபவம். பேரம் பேசும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், குதிரைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள். "வழியில் புல் எங்கே இருக்கு? தீனி எவ்வளவு எடுத்துட்டு வர்றீங்க?" உடனே பதில் சொல்கிறவரோடு தைரியமாகக் கிளம்பலாம். அதோடு, நீங்கள் கொண்டு போகிற பெரிய பெட்டியில் பாதியை லேயிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு கிலோவும் குதிரையின் சாப்பாட்டிலிருந்துதான் கழிகிறது.

பி.கு: பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். பதினெட்டுக் குதிரைக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்தான். "போகப் போகத் தீனி தீர்ந்துடுமே, அப்போ பாதிக் குதிரை சும்மாத்தானே நடக்கும்? அதைத் திருப்பி அனுப்பிடலாமே?" என்றான். அனுப்பலாம். ஆனால் திரும்பி வருகிற குதிரைக்கும் வழியில் தீனி வேண்டும் அல்லவா? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் :-)